கண்ணகை அள்ளிய தண்ணீர்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று சொல்லி வைத்த நம் ஆட்கள், கிணறு மூடப் போனால் என்ன புறப்படும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால், தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி வெயிலில், நாலு பலகையும் ஒரு பேணி சிவப்புப் பெயின்றுமாக அருமைநாயகம் வாவியைக் கடந்திருக்கவே மாட்டார்.

அவர் அரசாங்கத்தின் சுற்றாடல் கந்தோரில் பரிசோதகர். வாகனம் திருத்தும் கராச்சுக்காரன் பழைய எண்ணெயை வாவியில் ஊற்றினால் தண்டம் விதிப்பது, எரிந்துபோன டீசல் கிடங்கடியில் கறுத்த மண்ணைத் தோண்டி அகற்றுவது, ஆஸ்பத்திரி ஊசிக் குப்பையை எங்கே புதைப்பது என்று சொல்வது, இவைதாம் அவர் வேலை. கல்லடி ஊர்க்காரர், மெதடிஸ்த வேதக்காரர். பேய் பிசாசு என்று யாராவது கதை எடுத்தால், "எனக்குப் பேயை விட அசிட்டுக்குத்தான் பயம்" என்று சிரிப்பார்.

இந்த முறை அவரை அனுப்பியது ஆஸ்பத்திரி டொக்டர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தில்லைத்திடல் என்ற ஊரிலிருந்து நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாயில் நுரையோடும் கடுகளவாய்ச் சுருங்கிய கண்மணியோடும் வந்திருந்தாள். பூச்சிமருந்து நஞ்சு. எப்படியோ பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அதற்கு இரண்டு மாதம் முன்பு அவளுடைய அக்காள் அதே மாதிரி வந்தாள், அவள் பிழைக்கவில்லை.

"அந்தக் கிணத்துத் தண்ணிதான், மிஸ்டர் அருமைநாயகம். பெரியாக்கள்ர உடம்பு தாங்கும், இன்னொருக்கா குடிச்சா இந்தப் பிள்ளையும் போயிடும்" என்றார் டொக்டர்.

துறையடிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் சாமான்களைக் கிளறினார்கள். அக்கரை போராளிகளின் கையில் இருந்தது; அங்கே சீமெந்து போகக் கூடாது. பற்றரி கூடாது, உரப்பசளை கூடாது, வயலுக்கு அடிக்கும் மருந்தும் கூடாது. கிணறு மூடக் கொண்டு வந்த சீமெந்துப் பையை அங்கேயே வைத்துவிட்டு, பலகையும் ஆணியும் சுண்ணாம்பும் போத்தல்களுமாக அவர் படகேறினார். யுத்த காலத்தில் அரசாங்க வேலை இப்படித்தான் நடந்தது.

வாவிக்கும் வயலுக்கும் நடுவில் நீண்டு கிடந்த மணல் திட்டுதான் தில்லைத்திடல். ஒரே வரிசையில் வீடுகள், வீட்டுக்கு ஒரு கிணறு. வயலுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானை கோணாமலை வந்து வரவேற்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"விதானையார், உள்ளதைச் சொல்லுங்க. ஊரில ஆராவது எண்ணெய் ஒளிச்சு வச்சிருக்காங்களா?"

பூச்சிமருந்தைப் படுவான்கரையில் எண்ணெய் என்றுதான் சொல்வார்கள்.

"எண்ணெயா?" கோணாமலை சிரித்தார். "கண்ணால கண்டு கன காலம் சேர். பூச்சி திண்டது போக மிச்சத்தைத்தான் நாங்க திங்கிறம்."

சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. அருமைநாயகம் அதைக் கவனித்தார், ஆனால் நோண்டவில்லை.

அந்தப் பிள்ளையின் வீடு கோணாமலையின் வளவுக்கு அடுத்தது. தகப்பன் இளையதம்பி வேலியோரம் நின்று தலையைச் சொறிந்தான். வயிறு ஒட்டி, கன்னம் குழிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அவன் பெண்சாதி அன்னப்பூரணி வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பெயர் சீதேவி. ஈர்க்குப் போன்ற விரல்களால் தாயின் சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தது.

கிணற்றைச் சுற்றி லேசாக, பூச்சிமருந்துக்கே உரிய பூண்டு மணம் வீசியது. அருமைநாயகத்துக்கு அது போதும். மாதிரிக்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து மூடினார்.

"இந்தக் கிணறு இண்டையோட சரி. ஒரு சொட்டு இதில அள்ளக்கூடா."

"எனக்கும் விளங்குது சேர்" என்றான் இளையதம்பி. "நான் விதானையார்ர கிணத்திலதான் அள்ளிக்கொண்டு வாறன். இவள்தான் கேக்கிறாளில்ல."

அன்னப்பூரணி நிமிரவில்லை. "நான் அள்ளப் போறதில்ல ஐயா. நீங்க மூடுறதெண்டா மூடுங்க. அவள் கொண்டு வாறதை நான் வேணாமெண்டு சொல்லமாட்டன்."

"ஆர் கொண்டு வாறது?"

அவள் பிள்ளையின் தலையைக் கோதினாள். இளையதம்பி மண்ணைப் பார்த்தான்.

கப்பியைக் கழற்றி, கயிற்றையும் வாளியையும் மாட்டுக் கொட்டிலில் போட்டார்கள். பலகைகளை அடுக்கி ஆணி இறுக்கினார்கள். அருமைநாயகம் மேலே சிவப்புப் பெயின்றால் பெரிய குறுக்குக் கோடு போட்டுவிட்டு, விரலில் ஒட்டியதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். உச்சி நேரம். காகம்கூடக் கரையவில்லை. நிழல்கள் எல்லாம் மரத்தடிக்குள் ஒடுங்கிவிட்டன.

கிரீச்.

கப்பிச் சத்தம்.

அவர் கொட்டிலைப் பார்த்தார். கப்பி வைக்கோலின் மேல் கிடந்தது.

கிரீச்... கிரீச்... ஒரே சீராக, பழகிய கை கயிறு இழுக்கிற மாதிரி. நடுவில் ஒரு நிறுத்தம். மூச்சு வாங்கும் நிறுத்தம்.

பிறகு பூண்டு மணம் அவரைக் கடந்து வீட்டுப் பக்கம் போனது.

எழுந்து ஓடினார். வாசலில் வெறுமையாகக் கிடந்த குடம் நிறைந்து, விளிம்பில் தண்ணீர் தளும்பி நின்றது. கிணற்றடியிலிருந்து வாசல் வரை மணலில் ஈரக் காலடிகள். சின்னக் கால். வந்த தடம்தான் இருந்தது, திரும்பிப் போன தடம் இல்லை.

அருமைநாயகத்துக்குப் பயம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், காற்சட்டை நனையாதது ஒன்றுதான் மிச்சம். ஆனாலும் கந்தோர்க்காரர் இல்லையா? ஆணிகளைப் போய்ப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பெயின்று காயாமல் பளபளத்தது, ஒரு கீறலும் இல்லை. இது இந்தப் பெண்ணின் வேலைதான், வேறு கிணற்றில் அள்ளி வைத்து என்னை ஏய்க்கிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குடத்தை மணலில் கவிழ்த்தார். அன்னப்பூரணி ஈரம் உறிஞ்சும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் துறையடிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. படகு இல்லை. அன்றிரவு அவர் கோணாமலை வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தார். உறக்கம் எங்கே வந்தது?

மறுநாள் உச்சிக்கு முன்பே போய், மூடிய கிணற்றின் பலகை மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டார். "இனி ஆர் வந்து அள்ளுறாங்க எண்டு பாப்பம்" என்று இளையதம்பியிடம் சத்தமாகச் சொன்னார். சத்தம் தன் காதுக்கே வேண்டியிருந்தது.

வெயில் தலைக்கு நேராக வந்தது.

பலகைக்கு அடியில், ஆழத்தில், வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

கிரீச்.

தொடைக்குக் கீழே பலகை குளிர்ந்தது. அவர் எழும்ப நினைத்தார்; கால் கேட்கவில்லை. கயிறு உரசிய காற்று முழங்காலைத் தொட்டுப் போனது. பக்கத்தில், தோளுயரத்துக்கும் கீழே, ஒரு பிள்ளை மூச்சு வாங்கியது. பாரமான குடத்தை இடுப்பில் தூக்கி வைக்கும்போது பிள்ளைகள் விடுவார்களே ஒரு சின்ன முனகல், அது தெளிவாகக் கேட்டது.

மணலில் ஒரு ஈரக்கால் விழுந்தது.

அடுத்தது.

அடுத்தது.

அவர் கண்ணெதிரே அந்தத் தடங்கள் வாசலை நோக்கி நடந்தன. கவிழ்த்து வைத்த குடம் நிமிர்ந்திருந்தது. தளும்பியது.

"வந்திட்டியா மகள்" என்றாள் அன்னப்பூரணி, மெதுவாக. குடத்துக்குள் சிரட்டையை விட்டு அள்ளி, சீதேவியின் வாய்க்குக் கொண்டு போனாள்.

அப்போதுதான் அருமைநாயகத்துக்குக் கால் வந்தது. பாய்ந்து போய்ச் சிரட்டையைத் தட்டி விட்டார். தண்ணீர் சுவரில் அடித்துத் தெறித்தது. பிள்ளை வீரிட்டு அழுதது.

"உனக்கென்ன விசரா? அது நஞ்சு! ஒண்டைக் குடுத்தது போதாதா?"

சொல்லி முடித்ததும் அந்தச் சொல்லுக்காக அவரே நாணினார். அன்னப்பூரணி கோபிக்கவில்லை. இரு கண்ணும் நீர் முட்ட அவரைப் பார்த்தாள்.

"என்ர மூத்தவள், கண்ணகை. பதினொரு வயது. தண்ணி அள்ளுறது அவள்ர வேலை ஐயா. பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகத்தைப் போட்ட கையோட குடத்தை எடுப்பாள். 'நீ இரி அம்மா, நான் அள்ளுறன்' எண்டுவாள். செத்தும் விடல்ல. முப்பத்தொண்டுக் கிரியை முடிஞ்ச மறுநாளே வந்திட்டாள். தங்கச்சி எண்டா அவளுக்கு உசிர். உசிரா வளத்த தங்கச்சிக்கு அவள் நஞ்சு கொண்டு வருவாளா? நீங்களே சொல்லுங்க, வருவாளா?"

அருமைநாயகத்துக்கு நீர் மாதிரி எடுக்கத் தெரியும், சட்டம் தெரியும், தண்டம் எழுதத் தெரியும். செத்த பிள்ளை அன்போடு சுமந்து வருகிற தண்ணீரை எந்தச் சட்டத்தால் நிறுத்துவது? பலகையை இரும்பாக மாற்றினாலும் நாளை உச்சிக்குக் குடம் நிறையும். தாய் அள்ளிக் கொடுப்பாள். சீதேவி குடிப்பாள். நாலைந்து நாளில் இன்னொரு சின்னக் குழி வெட்டுவார்கள். 

அவர் திரும்பி இளையதம்பியைப் பார்த்தார். அவன் வேலிக் கம்பைப் பிடித்தபடி நின்றான்.

"தம்பி, இஞ்ச வா" என்றார். "இந்தத் தண்ணிக்குள்ள என்ன கிடக்கெண்டு உனக்குத் தெரியும். நான் உன்னைப் பிடிச்சுக் குடுக்க வரல்ல. உன்ர மனிசி நம்பாட்டி இந்தப் பிள்ளை சாகும். நான் சொல்லி அவள் நம்பமாட்டாள். நீதான் சொல்லோணும்."

இளையதம்பி வேலிக் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். வேலிக்கு அப்பால் கோணாமலை வந்து நின்றார்.

மடியிலிருந்த சீதேவி சுவரில் வழிந்த ஈரத்தை நோக்கிக் கையை நீட்டினாள். "அக்கா தண்ணி" என்றாள்.

அந்தச் சொல் அவனை விழுத்தியது. மணலில் முட்டுக்காலிட்டு விழுந்தான்.

"அன்னம், நான்தான் வச்சன். வயலுக்கு அடிக்க வாங்கின எண்ணெய்த் தகரங்கள். மீன் பெட்டிக்குக் கீழ ஒளிச்சுக் கொண்டு வந்தன். ஆமி சுற்றிவளைப்புக்கு வந்தா வைக்கோல் போரைக் கிளறுவாங்க, அடுப்படி மண்ணைக் கிண்டுவாங்க. குடிக்கிற கிணத்துக்குள்ள எவனும் நஞ்சு வைக்கமாட்டான் எண்டு அவங்களும் நம்புவாங்க தானே? மூடியை மெழுகு போட்டு அடைச்சு, கயிறு கட்டி இறக்கினன். அடித்தண்ணி உவர். தகரத்தைத் திண்டுட்டு."

"மறுகா, அதுக்குப் பிறகு?" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

"கண்ணகை போகக்குள்ள எனக்குத் தெரியா, ஆணையாத் தெரியா. எங்கயோ எதையோ திண்டுட்டாள் எண்டுதான் நினைச்சன். சின்னவளுக்கும் வந்த பிறகுதான் கயித்தை இழுத்துப் பாத்தன். உக்கி அறுந்துட்டு. தகரமெல்லாம் சேத்துக்குள்ள போயிட்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல அன்னம். வாய் வரல்ல."

ஒப்பாரி வெடிக்கும், தலைமுடி பிய்யும் என்று அருமைநாயகம் பயந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அன்னப்பூரணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். புருசனைத் தாண்டி, அவனைத் தொடாமல், கிணற்றடிக்கு நடந்தாள். பலகை மேல் கன்னத்தை வைத்தாள்.

"மகள்" என்று கூப்பிட்டாள். "கேட்டியா மகள்? அப்பா என்ன சொன்னார் எண்டு கேட்டியா? இந்தத் தண்ணி கூடாதாம். நீ அள்ளினதும் இதுதான், நீ குடிச்சதும் இதுதான். உனக்கும் தெரியா, எனக்கும் தெரியா. தங்கச்சிக்கு இனிக் கொண்டு வராத என்ன. நீ செஞ்சது பிழையில்ல. என்ர தங்கம், உன்னில ஒரு பிழையுமில்ல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. வேலிக்கு அப்பால் நின்ற கோணாமலை தோளில் கிடந்த துவாயை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

குடத்துத் தண்ணீரை அருமைநாயகமே கொண்டுபோய் ஒரு குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டார். சீதேவிக்குக் கோணாமலை வீட்டிலிருந்து நீர் வந்தது. பிள்ளை அதைக் குடித்துவிட்டு உறங்கியது. சேற்றுக்குள் போன தகரங்களை எப்படி எடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. நஞ்சுக் கிணற்றுக்குள் இறங்க எந்த ஆள் வரும்? அன்றைக்கும் படகு வரவில்லை.

விடிந்ததும் இளையதம்பி ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து உலுப்பினான். கையைப் பிடித்து இழுத்தான்.

பலகைகள் பலகைகளாகவே இருந்தன. ஆணி அசையவில்லை. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

கிணற்றுக் கட்டின் மேல் தகரங்கள் இருந்தன. அரைவாசி உக்கி, சேறு பூசி, ஈரம் சொட்ட, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. ஓட்டை விழுந்த பக்கம் மேலே பார்க்கும்படி, உள்ளே கிடந்தது சிந்தாமல், ஒவ்வொன்றும் சரித்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் குடத்தைச் சிந்தாமல் வைக்கப் பழகிய கை வைத்த மாதிரி.

"நான் வச்சது இவ்வளவும்தான்" என்றான் இளையதம்பி. "ஒண்டும் மிச்சமில்ல."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வளவில் கோணாமலையின் பெண்சாதி வீரிட்டாள்.

அவர்களுடைய கிணற்றுக் கட்டின் மேலும் தகரங்கள் இருந்தன. புதுத் தகரங்கள்; துரு இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்றின் மூடியோரம் மெழுகு விட்டுக் கசிந்திருந்தது. முந்தின நாள் சீதேவி குடித்தது இந்தக் கிணற்றுத் தண்ணீர்.

 அருமைநாயகம் கோணாமலையைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, அடுத்த வீட்டில் கத்தினார்கள். அதற்கடுத்த வீட்டில். வரிசை முழுக்க, வீட்டுக்கு வீடு, கிணற்றுக் கட்டில் சேறு சொட்டும் தகரங்கள். ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் அதே புத்திதான் போயிருக்கிறது, எல்லோரும் ஒருவருக்கொருவர் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஈரக் காலடிகள் போயிருந்தன. வேலிகளைச் சுற்றிப் போகவில்லை. நேராகப் போயிருந்தன.

அன்று முழுக்க வேலை. தகரங்களை மணல் நிரப்பிய பீப்பாக்களுக்குள் இறக்கி, சுற்றிச் சுண்ணாம்பு கொட்டி அடைத்தார்கள். உள்ளே போகவிடாத சாமானை வெளியே கொண்டுபோகவும் சாவடியில் விடமாட்டார்கள். அந்தச் சண்டையை நாளைக்குப் பிடிக்கலாம் என்று அவர் வைத்துக்கொண்டார். ஊர்க் கிணறுகள் அத்தனைக்கும் பலகை அடித்தார்கள். தள்ளி வேறு இடத்தில் புதுக் கிணறு தோண்டும் வரை தண்ணீர் வண்டிலில் வரும் என்று முடிவாயிற்று. சீதேவி வேப்பமரத்தடியில் மண் சோறு ஆக்கி விளையாடினாள். அதைப் பார்த்தபோதுதான் அருமைநாயகத்துக்கு மூச்சு நேராக வந்தது.

பொழுது சாயும் நேரம். அவர் வாவியோரம் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். அன்னப்பூரணி வந்து பக்கத்தில் நின்றாள்.

"எல்லாக் கிணறும் முடிஞ்சுதா ஐயா?"

"முடிஞ்சுது புள்ள. இனிப் பயமில்ல."

அவள் தலையாட்டவில்லை. வயலுக்கு அப்பால், பனைகள் தெரிகிற திசையில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கும் கேட்டது. தகரம் ஒன்று கல்லில் இடிபடும் சத்தம். பிறகு மெல்ல, சிந்தாமல், கட்டின் மேல் வைக்கிற சத்தம்.

"அங்கால ஊரிலயும் ஆரோ எடுக்கிறாங்க போல" என்றார்.

"அங்கால ஊர் இல்ல ஐயா. சனம் எழும்பிப் போய்க் கன காலம். வெறும் கிணறுதான் கிடக்கு."

மறுபடி தகரம் இடிபட்டது. சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இன்னும் தள்ளி, இன்னொரு கிணற்றிலிருந்து.

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை வாயில் கடித்தாள்.

"அவள்ட்ட ஆராவது போய்ச் சொல்லுங்களன் ஐயா, போதுமெண்டு. விடிய முந்தித் தொடங்கினவள். சின்னக் கை. நோகும்."